ஹோட்டன் சமவெளி: முகில்காடும் பத்தனாவும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் ஹோட்டன் சமவெளி. சிங்களத்தில் மகாஎலிய என்பது இதன் பழைய பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இட்டனர். பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். கிரிகல்பொத்த, தொட்டுபொல ஆகிய சிகரங்கள் இதன் விளிம்பில் எழுகின்றன. தெற்கே நிலம் திடீரென அறுந்து செங்குத்தாக இறங்கும் இடம்தான் ‘உலக முடிவு’.

மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து செல்பவருக்கு இந்நிலம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றும். சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவுதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் விடியற்காலைப் புல்நுனியில் உறைபனி படியும். ஆனால் மரங்களைக் கூர்ந்து பார்த்தால் உறவு தெரியும். இக்காட்டின் முதன்மை மரமான கீன, நம் கடற்கரைப் புன்னையின் இனம். அதனோடு சேர்ந்து நிற்கும் மரங்கள் பல நாவலின் இனத்தவை. கடலோரத்தில் நிழல் பரப்பும் அதே குடும்பங்கள் இங்கே காற்றுக்கும் குளிருக்கும் குறுகி, கிளை முறுக்கி, தட்டையான குடைபோல் உச்சி விரித்து நிற்கின்றன. அடிமரம் முழுதும் பாசியும் ஓர்க்கிட்டும் மூடியிருக்கும்.

அந்தப் பாசி அலங்காரமன்று. மலைமேல் ஊர்ந்து வரும் முகில் இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி மண்ணில் சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் காடு இவ்வாறு நீர் சேர்க்கிறது. மரத்தை வெட்டினால் முகில் மட்டும் கடந்து போகும். நீர் மண்ணுக்கு வராது. மலையுச்சிக் காடுகளை வெட்டாமல் விடவேண்டுமென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் இலங்கை அரசுக்கு அறிவுரை கூறினார். கோப்பியும் தேயிலையும் மலைச்சரிவுகளை விழுங்கிய காலத்தில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடு ஓரளவேனும் தப்பியதற்கு இக்கொள்கையே காரணம்.

காட்டை ஒட்டி விரிவது ஈரப் பத்தனா எனப்படும் மலைப்புல்வெளி. இங்கே சரிவிலும் மேட்டிலும் காடு, பள்ளத்தில் புல். காடும் புல்லும் அடுத்தடுத்து அமைவது நீலகிரியிலும் உண்டு; ஆனால் அங்கே சோலைக்காடு பள்ளத்திலும் புல் மேட்டிலும் அமைந்திருக்கும். இமயத்திலும் நீலகிரியிலும் சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசின் உள்ளூர் வகை இங்கும் புல்லோரத்தில் நிற்கிறது. புல்லுக்கும் காட்டுக்கும் இடையே எல்லை இவ்வளவு கூர்மையாக அமைந்தது ஏன் என்பது நெடுநாள் விவாதம். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி மரக்கன்றுகளைக் கருக்குவது, நீர் தேங்கும் மண், மனிதர் இட்ட தீ, விலங்குகளின் மேய்ச்சல் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஒன்றை மட்டும் தனித்துப் பிடிப்பது சரியன்று. பத்தனாவைக் காடு அழிந்த வெற்றிடமாகக் கருதுவதும் தவறே. அதன் கரிய மண் நீரை உறிஞ்சிவைத்து மெல்ல விடுகிறது. 1960களில் இங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பயிர்ச்செய்கை கைவிடப்பட்ட பின்னும் அந்நிலங்களில் பழைய புல் முழுமையாகத் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்த புல்லினங்களே தங்கிவிட்டன.

பத்தனாவில் அதிகம் காணப்படும் பெருவிலங்கு மரை. அதை வேட்டையாடச் சிறுத்தை உண்டு. யானை ஒருகாலத்தில் இருந்தது. வேட்டையும் தோட்டங்களும் அதை இல்லாமல் செய்தன. மூக்கில் கொம்புள்ள ஓணான் இலங்கை மலைகளுக்கே உரியது. மலைத் தேவாங்கின் தெளிவான ஒளிப்படம் 2010இல்தான் முதன்முதலாக வெளியானது. காட்டின் அடியில் அடர்ந்து வளரும் நெலு, நம் குறிஞ்சியின் இனம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து மடியும்; 2013இல் அவ்வாறு பூத்தது.

1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் இந்நிலம் அறிவிக்கப்பட்டது. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. சட்டக் காவலால் மட்டும் தீராத நோயொன்றும் இங்கே உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கருகி, நின்ற நிலையிலேயே சாகின்றன. கீன மரமே அதிகம் பாதிக்கப்பட்டது. வறட்சி, மண்ணின் சத்துக்குறைவு, காற்று மாசு, பூஞ்சை எனப் பலவும் ஆராயப்பட்டுள்ளன. மஞ்சள் பூவும் முள்ளும் கொண்ட ஐரோப்பியப் புதர் ஒன்று புல்வெளியை ஆக்கிரமிப்பது மற்றொரு இடர்.

களனி, வளவை, மகாவலி ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூற்று இம்மேட்டில் உண்டு. இங்கே முகிலிலிருந்து சொட்டும் நீரின் ஒரு பங்கு மகாவலியோடு ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் கடலைச் சேர்கிறது.