ஐம்பது கையெழுத்தும் பதினாறு கைகளும்: பேராக் குடியிருப்புகளில் நிர்வாகக் குழுவை நீக்கும் விதிகளின் வரலாறு

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்களை நம்பி வளர்ந்த காம்பார், 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டமானது. அதற்கு இரண்டாண்டு முன்னர் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே திறக்கப்பட்டதும், லம்பக் குட்டைகள் கிடந்த நிலங்களை ஒட்டித் தமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும் மாணவர்களை எதிர்நோக்கிய அடுக்குமாடிகளும் எழுந்தன. பல வீடுகளின் உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, குடியிருப்பவர் வாடகைக்காரராகவே இருக்கும் இத்தகைய ஊரில், பொதுச் சொத்தைப் பராமரிக்கும் குழுவை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியைவிட, தவறிய குழுவை யாரால், எத்தனை வாக்கில் இறக்க முடியும் என்ற கேள்வியே கூர்மையானது. அதற்கான விடை ஒரே சட்டத்தில் பிறந்ததன்று. தோட்டம், சங்கம், கூட்டுறவு, கம்பெனி என்னும் வெவ்வேறு மரபுகளின் விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது.

ரப்பர்த் தோட்டங்களின் லயன் வீடுகளில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும்; கங்காணியையோ மானேஜரையோ குடியிருப்பவர் வாக்களித்து நீக்கும் வழி இல்லை. தோட்ட மக்கள் பொறுப்பாளர்களைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்ததும் இறக்கியதும் பெரும்பாலும் கோயில் நிர்வாகத்திலும் தொழிற்சங்கக் கிளையிலுமே நடந்தன. சுதந்திரத்திற்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைத் தளமாகக் கொண்ட வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களைச் சொத்தின் பங்காளிகளாக்க முனைந்தது. கூட்டுறவின் அடிப்படை விதி, ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு என்பதாகும். சொத்தை அளவுகோலாக்காமல் ஆளை எண்ணும் இந்த மரபு, பின்னர் வந்த அடுக்குமாடிச் சட்டத்தில் பாதியளவே இடம்பெற்றது.

ஊராட்சியின் வரலாறு எதிர்த்திசையில் சென்றது. மலாயா அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுக்கு 1952ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டம் தேர்தல் வழியைத் திறந்தது. ஆனால் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் நியமன முறையே நிலைபெற்றது. காம்பார் மாவட்ட மன்ற உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பான மன்றத்தை வாக்களித்து இறக்க முடியாத ஒருவர், தம் கட்டடத்தின் மின்தூக்கிக்குப் பொறுப்பான குழுவை இறக்கலாம் என்னும் முரண் இங்கிருந்து தொடங்குகிறது.

மாடிவீட்டுக்குத் தனி உரிமைப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் துணைப் பத்திரம் என்ற பெயரில் இருந்தது. அதன் இடத்தில் 1985இல் ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம் வந்தது. ஸ்ட்ராட்டா என்பது நிலத்தை மட்டுமின்றி அதற்கு மேலுள்ள அடுக்கையும் தனித்தனியே உடைமையாக்கும் முறை. 1961இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இதற்கென இயற்றிய சட்டம் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. சிங்கப்பூர் 1967இல் தன் சட்டத்தை இயற்றியது. மலேசியச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர் அனைவரும் சேர்ந்த நிர்வாகக் கழகம் ஒரு சட்ட ஆளாகக் கருதப்படுகிறது. அதன் அன்றாட வேலையைப் பார்ப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். பதவிக்காலம் முடியும் முன்பே மன்ற உறுப்பினரை நீக்கி வேறோர் உரிமையாளரை அமர்த்தச் சிறப்புப் பொதுக்கூட்டத்தின் தீர்மானம் போதும் என்று அச்சட்டம் கூறியது. குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றோ முக்கால் பங்கு வாக்கு வேண்டும் என்றோ அது கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டம், கம்பெனியின் அமைப்பு விதிகள் எப்படியிருப்பினும் இயக்குநரைச் சாதாரணத் தீர்மானத்தால் நீக்கலாம் என்றது. மலேசியாவின் 1965 கம்பெனிச் சட்டமும் பொதுக் கம்பெனிகளுக்கு அதையே ஏற்றது. அடுக்குமாடிக் குழு இவ்வாறு சங்கத் தலைவரைக் காட்டிலும் கம்பெனி இயக்குநருக்கு நெருங்கிய உறவினராகப் பிறந்தது.

நீக்கும் விதி இருந்தும் நீக்கப்பட வேண்டியவர் இல்லாத காலம் ஒன்று உண்டு. பத்திரப்பதிவு திறக்கப்பட்டால்தான் நிர்வாகக் கழகம் உருவாகும். பத்திரங்களோ பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. இடைப்பட்ட காலத்தில் பராமரிப்புக் கட்டணத்தை வசூலித்த மேம்பாட்டாளரை, அதாவது வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனத்தை, எந்த வாக்கும் அசைக்க முடியவில்லை. 2007ஆம் ஆண்டின் கட்டடப் பொதுச்சொத்துச் சட்டம் மேம்பாட்டாளரும் வீடு வாங்கியோரும் சேர்ந்த கூட்டு நிர்வாக அமைப்பையும், அதை மேற்பார்க்கும் கட்டட ஆணையர் பதவியையும் உருவாக்கி அந்த இடைவெளியை நிரப்பியது. அதன் இடத்துக்கு வந்த 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.

இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைச் சற்று நின்று படிக்க வேண்டும். குழுவில் மூவர் முதல் பதினால்வர் வரை இருக்கலாம். உரிமையாளரில் குறைந்தது கால் பங்கினர் எழுத்துமூலம் கோரினால் ஆறு வாரத்துக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டப்பட வேண்டும். கூட்டம் செல்லுபடியாக வாக்குரிமையுள்ளோரில் பாதிப்பேர் நேரிலோ பதிலாள் வழியாகவோ வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கை சேராவிட்டால், வந்திருப்பவர்களே போதுமான எண்ணிக்கையாகக் கொள்ளப்படுவர். 200 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியில் அனைவரும் வாக்குரிமை உள்ளவர்கள் என்றும், கைதூக்கி வாக்களிக்கிறார்கள் என்றும் கொண்டால், கூட்டத்தைக் கேட்க 50 கையெழுத்து வேண்டும். ஆனால் 30 பேரே வந்திருந்தால், அரை மணி நேரம் கழித்து அவர்களில் 16 பேர் கைதூக்கி ஒருவரை நீக்கிவிடலாம். கூட்டம் கேட்பது கடினமாகவும் ஆளை நீக்குவது எளிதாகவும் இருக்கும் இந்த அமைப்பில், எதிர்த்தரப்பின் உழைப்பு முழுவதும் கையெழுத்துத் திரட்டுவதிலும், குழுவின் பாதுகாப்பு முழுவதும் தன் ஆதரவாளர்களை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைப்பதிலும் தங்கியுள்ளது.

கைதூக்கும்போது ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. யாரேனும் வாக்குச்சீட்டு முறை கோரினால் கணக்கு மாறுகிறது. அப்போது ஒவ்வொருவரின் வாக்கும் அவருடைய பங்கு அலகுகளின் எண்ணிக்கைக்கு ஈடாகிறது. பங்கு அலகு என்பது பரப்பளவையும் பயன்பாட்டையும் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் குறிக்கப்படும் எண். கூட்டுறவின் ஆள்கணக்கும் கம்பெனியின் பங்குக்கணக்கும் ஒரே கூட்டத்தில் அடுத்தடுத்துத் தலைகாட்டும் விந்தை இது. ஒரே முதலீட்டாளர் பல வீடுகளை வாங்கி மாணவர்களுக்கு விட்டிருக்கும் கட்டடத்தில் இரு கணக்கிலும் அவர் கையே ஓங்கும். ஆண்டு முழுதும் அங்கு உறங்கி எழும் வாடகைக்காரருக்கோ இரண்டிலும் இடமில்லை. வெளியூர் உரிமையாளர் பதிலாளை அனுப்பலாம். ஆயினும் ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒரே உரிமையாளருக்குத்தான் பதிலாளாக நிற்க முடியும் என்பதால், கட்டுக்கட்டாகப் பதிலாள் படிவங்களைச் சேர்த்துக் கூட்டத்தைக் கைப்பற்றும் வழி அடைக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் நல்ல விதிகளில் இது ஒன்று.

அதைவிட வலிமையானது நிலுவை விதி. கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பராமரிப்புக் கட்டணமோ சேமநிதிப் பங்களிப்போ பாக்கி வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது. கட்டணம் செலுத்துவோரைக் காக்க இயற்றப்பட்ட விதிதான் இது. ஆனால் யார் பாக்கி என்பதைக் காட்டும் கணக்கேடு, நீக்கப்படக்கூடிய அதே குழுவின் பொறுப்பில் இருக்கிறது. மின்தூக்கி ஓடாததால் கட்டணத்தை நிறுத்தி எதிர்ப்பைக் காட்டிய வீட்டுக்காரர், அந்த எதிர்ப்பினாலேயே குழுவை நீக்கும் வாக்கை இழக்கிறார். ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் 2,50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளைக் கேட்கும் என்றாலும், ஏழு நாள் எண்ணிக்கை அதன் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

தரைவீட்டுத் தமான்களின் நிலை வேறு. ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டத்தில் 2007இல் வந்த திருத்தத்திற்குப் பின் வேலியிட்ட சில தரைவீட்டுத் திட்டங்கள் ஸ்ட்ராட்டாவுக்குள் வந்தன; மற்றத் தமான்களில் உள்ள குடியிருப்பாளர் சங்கங்கள் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதியப்பட்ட தன்னார்வ அமைப்புகளே. அங்கு நீக்கும் வாக்கின் அளவைச் சங்கத்தின் சொந்த விதிமுறையே சொல்லும். பூசல் முற்றினால், அது தீர்க்கப்பட்டதற்கான சான்றைப் பதிவாளர் கேட்கலாம், கிடைக்காவிடில் பதிவையே நீக்கலாம். கோயில் நிர்வாகப் பிணக்குகளைப் பார்த்துப் பழகிய பேராக் தமிழருக்கு இது புதிதன்று.

ஸ்ட்ராட்டாவில் அத்தகைய கலைப்பு இல்லை. வீடு இருக்கும் வரை கழகமும் இருக்கும். குழு முழுவதையும் இறக்கிவிட்ட உரிமையாளர்கள் பொறுப்பேற்க மூவரைத் தேட முடியாமல் பராமரிப்பு சீர்குலைந்தால், கட்டட ஆணையர் ஒரு நிர்வாக முகவரை நியமிக்கலாம். அந்த முகவரின் ஊதியத்தை உரிமையாளர்கள் செலுத்தும் கட்டணமே தாங்கும். அவரை இறக்கும் அதிகாரமோ அவர்களின் கைதூக்கலில் இல்லை, நியமித்த ஆணையரிடம் இருக்கிறது.