போரும் நவீன ஓவியமும் – ஒரு வரவு செலவுக் கணக்கு

"போர் வந்தால்தான் கலை வளரும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதல் உலகப் போருக்குப் (1914-1918) பிறகு ஐரோப்பிய ஓவியம் அடியோடு மாறியதை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். நான் படிப்பது வணிகவியல். வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை விட்டால் அது கணக்கே இல்லை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். எனவே இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். நவீன ஓவியம் போருக்கு முன்பே பிறந்துவிட்டது. பிக்காசோவும் பிராக்கும் கியூபிசத்தை உருவாக்கியது 1914க்கு முன்னால். காண்டின்ஸ்கி அதற்குள் உருவமே இல்லாத ஓவியங்களுக்கு வந்துவிட்டார். இன்னும் சொல்லப்போனால், போரை வரவேற்ற கலைஞர்களும் இருந்தார்கள்! இத்தாலியின் மரினெட்டி 1909ல் வெளியிட்ட ஃபியூச்சரிஸ்ட் அறிக்கை, உலகைச் சுத்தம் செய்வது போர்தான் என்று புகழ்ந்தது.

சரி, போர் வந்தது. பிறகு என்ன மாறியது?

அதுவரை போர் ஓவியம் என்றால் குதிரை மேல் தளபதி, கையில் வாள், பின்னால் கொடி. இயந்திரத் துப்பாக்கியும் விஷ வாயுவும் வந்த பிறகு அந்தப் படம் பொய்யாகிவிட்டது. சேற்றுக் குழிக்குள் பதுங்கிக் கிடந்தவனை எந்தக் குதிரை மேல் ஏற்றுவது?

இதற்குக் கலைஞர்கள் வேறு வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், 1916 பிப்ரவரியில் ஹியூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் 'கபரே வோல்தேர்' என்ற அரங்கைத் தொடங்கினார்கள். அங்கே பிறந்தது டாடாயிசம் (நம்ம ஊர் டாடா கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). அறிவும் நாகரிகமும் கொண்டுவந்து நிறுத்திய இடம் இதுதான் என்றால், அர்த்தமே இல்லாத கலை போதும் என்பது அவர்கள் கோபம். பிரான்சில் மருத்துவ மாணவரான ஆந்திரே பிரெத்தோன், போரில் மனம் கலங்கிய வீரர்களை மருத்துவமனையில் கவனித்துக்கொண்டார். 1924ல் அவர் எழுதிய அறிக்கையோடு சர்ரியலிசம் முறையாகத் தொடங்கியது.

மூன்றாவது பதில் ஜெர்மனியின் ஓட்டோ டிக்ஸ். தானாக முன்வந்து படையில் சேர்ந்து, இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்தவர். கண்டதை அப்படியே வரைந்தார். அழுகும் உடல்கள், சிதைந்த முகங்கள். 1924ல் 'போர்' என்ற தலைப்பில் 50 செதுக்கோவியங்களை வெளியிட்டார். அவருடைய 'பதுங்குகுழி' ஓவியத்தைக் கொலோன் நகர அருங்காட்சியகம் 1923ல் வாங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் திருப்பி அனுப்பிவிட்டது. 1933ல் நாஜிகள் டிக்ஸின் பேராசிரியர் வேலையைப் பறித்தார்கள். 1937ல் மியூனிக்கில் 'சீர்கெட்ட கலை' என்று பெயரிட்டு நடத்திய கண்காட்சியில் அந்த ஓவியத்தையும் கேலிப்பொருளாக மாட்டினார்கள். அடுத்த போருக்கு ஆள் திரட்டுகிறவர்களுக்கு, போன போரின் உண்மை முகம் ஆகாதுதானே?

இதெல்லாம் வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில்?

ஆகஸ்ட் மாக்கே, போர் தொடங்கிய இரண்டே மாதத்தில் 1914 செப்டம்பரில் இறந்தார். வயது 27. அவருடைய நண்பர் ஃபிரான்ஸ் மார்க், நீலக் குதிரைகளை வரைந்தவர், 1916ல் வெர்டன் அருகே இறந்தார். வயது 36. ஃபியூச்சரிஸ்ட் ஓவியர் பொச்சியோனி அதே வருடம் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33. இவர்கள் இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் என்னென்ன வரைந்திருப்பார்கள்? அந்தத் தொகையை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

எனவே போர் கலையை வளர்த்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தப்பிப் பிழைத்தவர்களால் பழையபடி வரைய முடியாமல் போனது, அவ்வளவுதான். அவர்கள் வரைந்ததும் முழுதாக நமக்கு மிஞ்சவில்லை. டிக்ஸின் 'பதுங்குகுழி' இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போனது. இன்று நாம் பார்க்க முடிவது அதன் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை மட்டும்தான்.