ஜான் குவின்சி ஆடம்ஸின் நாட்குறிப்புகள்: பதிவு வகைகளும் சாட்சிய மதிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆறாவது ஜனாதிபதியாக 1825 முதல் 1829 வரை பதவி வகித்த ஜான் குவின்சி ஆடம்ஸ், பன்னிரண்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய 1779 நவம்பரில் தொடங்கி, 1848இல் மரணமடைவதற்குச் சிறிது காலம் முன்பு வரை, இடையிடையே விட்டுப்போனாலும் அறவே கைவிடாமல் எழுதிவந்த நாட்குறிப்புகள், 51 தொகுதிகளாக, ஏறத்தாழ 14,000 பக்கங்களில், மாசசூசெட்ஸ் சரித்திரச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. இத்தனை பக்கங்களையும் ஒரே தன்மையுடைய ஒரு கிரந்தமாகப் பாவித்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த வாக்கியத்துக்கும் சம மதிப்பளிப்பது முறையன்று என்பதும், பதிவின் வகையை அறிந்த பின்னரே அதன் சாட்சியத்தை நிறுக்க இயலும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவற்றுள் கீர்த்தி பெற்றவை நெடும்பதிவுகள். ஆடம்ஸ் வெளிநாட்டு மந்திரியாக இருந்த 1817 முதல் 1825 வரையிலான ஆண்டுகளில் இவை உச்சநிலையை அடைகின்றன. ஸ்பானிய அமெரிக்க நாடுகளின் விஷயத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடுவதைக் கூட்டாக எதிர்க்கலாம் என்று பிரிட்டிஷ் மந்திரி கானிங் 1823இல் தெரிவித்த யோசனையைப் பற்றி ஜனாதிபதி மன்ரோவின் மந்திரிசபை நவம்பர் மாதத்தில் நடத்திய விவாதங்களை நாம் இவ்வளவு விரிவாக அறிவது பெரும்பாலும் இப்பதிவுகளாலேயே. பிரிட்டனின் பின்னே செல்லாமல் அமெரிக்கா தன் கொள்கையைத் தானே வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்று ஆடம்ஸ் வாதாடினார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் தேதி மன்ரோ காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தி அந்தப் போக்கிலேயே அமைந்தது. ஆயினும் அச்சபையில் அமர்ந்திருந்த மற்றவர்களின் வாதங்கள் ஆடம்ஸின் செவி வழியாகவும் பேனா வழியாகவுமே நம்மை வந்தடைகின்றன என்பதையும், அவர் பெற்ற வெற்றியை அவரே வருணிக்கிறார் என்பதையும் மறக்கலாகாது.

இவ்விடத்தில்தான் குறும்பதிவுகளின் பயன் விளங்குகிறது. ஒரு நாளை ஓரிரு வரிகளில் அடக்கி, யார் வந்தார், யாரைக் கண்டார், எங்கே சென்றார் என்பதை மட்டும் குறித்த தனித் தொகுதிகளை ஆடம்ஸ் பல ஆண்டுகள் வைத்திருந்தார். அலுவல் நெருக்கடியில் நெடும்பதிவு பின்தங்கிவிடும். வாரக்கணக்கிலும் சில வேளை அதற்கு மேலும் பாக்கி சேரும். பாக்கி சேர்ந்ததைப் பற்றி அவரே நாட்குறிப்பில் அடிக்கடி வருந்துகிறார். அந்த நிலையில், குறும்பதிவின் இரண்டு வரிகளைக் கைக்கொண்டு, ஞாபகத்தின் துணையால், சம்பாஷணை முழுவதையும் மீண்டும் உருவாக்குவார். ஆகவே, வறண்டதாகத் தோன்றும் குறும்பதிவே சம்பவத்துக்கு அண்மையது. உயிரோட்டமுள்ள நெடும்பதிவோ பல இடங்களில் பின்னர் புனைந்த கட்டடம். ஒருவர் எந்த நாளில் வந்தார் என்பதற்கு முன்னதையும், அவர் சொன்னதை ஆடம்ஸ் எவ்வாறு கிரகித்தார் என்பதற்குப் பின்னதையும் ஆதாரமாகக் கொள்வதே தகும்.

மூன்றாவது வகை ஆத்ம விசாரம். இது தனியே நிற்பதில்லை. நெடும்பதிவின் நடுவிலேயே தலைகாட்டுகிறது. மிசௌரியை அடிமை முறையுள்ள மாநிலமாக ஐக்கியத்தில் சேர்க்கலாமா என்ற பிரச்சினை பற்றிய 1820 மார்ச் மாத மந்திரிசபைக் கூட்டத்துக்குப் பின் சக மந்திரி கால்ஹூனுடன் நிகழ்ந்த உரையாடலை எழுதும்போது, முதலில் அவர் சொன்னதை அமைதியாக அறிக்கையிடும் ஆடம்ஸ், பிறகு அறிக்கையை விட்டு விலகி, அடிமை முறை மனித அறிவையே எவ்வாறு கெடுக்கிறது என்று சீற்றத்துடன் சிந்திக்கிறார். ஐக்கியமே சிதைந்தாலும் அதனால் அடிமைகளுக்கு விடுதலை கிட்டுமா என்றுகூட எண்ணிப்பார்க்கிறார். வெளியே சமரசத்தை ஆதரித்த மந்திரி அவர். இந்தப் பகுதியை அவருடைய அரசியல் நிலைப்பாடாக எடுத்துக்காட்டுவதும் பிழை, வெறும் மனக்கிளர்ச்சியென்று தள்ளுவதும் பிழை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பங்களை வாயடைத்த சட்டசபை விதியை எதிர்த்துப் போராடத் தொடங்கி, 1844இல் அது நீங்கும்வரை ஓயாதிருந்த அவருடைய பிற்கால வாழ்வின் வித்து இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

மாத முடிவில், தாம் எப்போது எழுகிறார், எத்தனை நேரம் வாசிக்கிறார், எப்போது உறங்கச் செல்கிறார் என்று அன்றாட ஒழுங்கைத் தொகுத்தெழுதும் பதிவுகளும், வானிலைக் குறிப்புகளும் உண்டு. 1846 நவம்பரில் பக்கவாதம் கண்ட பின், தம் மரணத்தை அந்த நாளிலிருந்தே கணக்கிட்டு, மரணத்துக்குப் பிந்திய நினைவுக் குறிப்பு என்ற தலைப்பிட்டு மறு ஆண்டில் எழுதிய அபூர்வமான பதிவும் உண்டு.

மகன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் 1874 முதல் 1877 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பில், இந்த வகைகளுக்குள் பொது விவகாரமே தேர்ந்தெடுக்கப்பட்டு, இல்வாழ்க்கைச் செய்திகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. தந்தையின் கௌரவத்தைக் காக்க எண்ணிய மகனின் பக்தியை நான் குறைகூறவில்லை. அதனால் சரித்திரத்துக்கு நேர்ந்த நஷ்டத்தையே கூறுகிறேன். நெப்போலியன் மாஸ்கோவுக்குள் புகுந்த 1812 செப்டம்பர் 14ஆம் தேதிக்கு மறுநாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆடம்ஸின் ஒரு வயதுப் பெண் குழந்தை இறந்தது. அந்த இலையுதிர்காலத்தில் அவர் வாஷிங்டனுக்கு எழுதிய ராஜதந்திரக் கடிதங்களின் தொனியை மதிப்பிட முற்படும் எவரும், போர்ச் செய்தியையும் புத்திர சோகத்தையும் பிரிக்காமல் தாங்கி நிற்கும் கையெழுத்துப் பிரதியின் முன் அமரவேண்டியிருக்கிறது.