வடசென்னையில் ஆலையும் பள்ளியும்

சென்னை மாநகரின் வடபகுதியைப் பற்றிப் பேசுவோர் துறைமுகத்தைச் சொல்வர். 1856 ஆம் ஆண்டு தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்ட இராயபுரம் நிலையத்தைச் சொல்வர். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் எழுந்து நிற்கும் புகைபோக்கிகளைச் சொல்வர். அப்புகைபோக்கிகளின் நிழலில் பள்ளிக்கூடங்களும் இருந்தன என்பதையும், ஆலையும் அரசும் ஆசிரியரும் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க முனைந்த வரலாறு அங்கே நூறாண்டைக் கடந்தது என்பதையும் சொல்வோர் சிலரே. ஆகையால்தான், பள்ளி மாணவர்க்குத் தொழில் நிறுவனங்களின் துணையோடு தொழிற்கல்வி என்று இன்று அரசு கூறும்போது, அது நேற்று முளைத்த எண்ணம் போல நம் பெற்றோர் செவியில் விழுகிறது. 'பிள்ளையைக் கூலியாளாக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம்?' என்று அவர்கள் ஐயுறுகின்றனர். அவ்வையத்தை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. அதற்கு வரலாற்றில் வேருண்டு.

பெரம்பூரை அடுத்துப் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் எழுந்த இவ்விரு பஞ்சாலைகளும் 1920 இல் ஒன்றாயின. அக்காலச் சட்டம் எப்படியிருந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். 1881 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தை ஆலையில் வேலை செய்யலாம் என்றது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதே அது காட்டிய கருணை! 1891 இல் வயது ஒன்பதாகவும் நேரம் ஏழு மணியாகவும் மாறின. 1911 இல் பஞ்சாலைப் பிள்ளைகளுக்கு ஆறு மணி என்றாயிற்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கலாகாது என்னும் விதி 1922 இல்தான் வந்தது.

முழுநாளும் வேலை வாங்கலாகாத இப்பிள்ளைகளை 'அரைநேரத்தார்' என்று வழங்கினர். ஒரு சாரார் முற்பகலில் இயந்திரத்தடியில் நிற்பர். மறுசாரார் பிற்பகலில் நிற்பர். எஞ்சிய பொழுதில் அவர்கள் படிப்பதற்கென்று ஆலை நிருவாகமே பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திற்று. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் பயின்றனர். எழுத்தறிவே எட்டாக்கனியாக இருந்த குடும்பங்களில் இதனால் எழுத்தும் கணக்கும் நுழைந்தன என்பதை மறுக்கலாகாது. தொழிலாளர் நலப்பணியில் முன்மாதிரி என்று அந்நாளில் பலரும் அவ்வாலையைச் சுட்டினர்.

ஆயினும் அதே ஆலையின் வாயிலில்தான் 1918 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அடிகோல, பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. க. துணைத்தலைவராகவும் அமர்ந்தனர். நண்பகலில் சோறுண்ணப் போதிய நேரமில்லை என்பது அன்று எழுந்த முறையீடுகளுள் முதன்மையானது. பிள்ளைக்குப் பள்ளி நடத்திய ஆலையில் தந்தைக்கு நிதானமாக ஒரு கவளம் உண்ண நேரமில்லை! பள்ளி ஆலையின் கொடையாக இருந்தது. எப்போது படிப்பது, எதைப் படிப்பது, எதற்காகப் படிப்பது என்பன யாவும் ஆலையின் சங்கொலிக்குக் கட்டுப்பட்டிருந்தன. பாபின் மாற்றப் பழகிய சிறுவன் வேறோர் ஊருக்குச் சென்றால் 'யான் இத்தொழிலைக் கற்றவன்' என்று காட்ட அவன் கையில் என்ன இருந்தது?

மதரஸாவில் ஓதிய நமக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றுகிறது. வேலூர் பாக்கியாத்தில் ஸனது பெற்ற ஆலிம், காயல்பட்டினத்திலும் ஓதிக்கொடுக்கலாம். கொழும்பிலும் பினாங்கிலும் ஓதிக்கொடுக்கலாம். ஸனது கொடுத்த உஸ்தாதின் ஊரிலேயே அவர் கட்டுண்டு கிடக்க வேண்டுவதில்லை. இப்னு கல்தூன் அவர்கள் தம் முகத்திமாவில் கைத்தொழில்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். தொழில் என்பது அறிவும் செயலும் கலந்து உள்ளத்திலும் உடலிலும் ஊன்றிப்போகும் ஓர் ஆற்றல், 'மலகா', என்பது அப்பெரியாரின் கருத்து. ஊன்றியது ஆளோடு செல்லும். ஆலையோடு நின்றுவிடுவது வெறும் வேலைப் பழக்கமே. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு பார்ப்போம்.

அடுத்துச் சொல்ல வேண்டுவது தோல். இது நம் மக்களுக்கு மிக நெருங்கிய கதை. பெரியமேட்டுத் தோல் மண்டிகளையும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் முதலிய ஊர்களின் பதனிடும் கூடங்களையும் அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதப்படுத்திக் கடுக்காயில் முடிப்பது பழைய முறை. இம்முறையில் பதனிட்ட சென்னை மாட்டுத்தோல் கப்பலேறி இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்சுகளுக்கும் பயன்பட்டது.

இத்தொழிலில் புதுமுறையைப் புகுத்த முனைந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். கிண்டிப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியராக இருந்து, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றவர் அவர். 1898 இல் அப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். ஐந்தாண்டுகளில் அது தனியார் கம்பெனியின் கைக்கு மாறித் தன் காலில் நின்றது. பின்பு குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையைக் கையிலெடுத்தார். அவ்வேலை பள்ளியில் தொடங்கி வடசென்னைச் செம்பியத்துக்கு வளர்ந்தது. குரோம் தோல் விரைவில் பதப்படும். தண்ணீரில் எளிதில் அழுகாது. ஆகவே கவலை இறைக்கும் உழவர்கள் அத்தோலால் ஆன சாலை விரும்பி வாங்கினர். பள்ளியில் பரிசோதனை, கூடத்தில் பயிற்சி, சந்தையில் விற்பனை என மூன்றும் ஓர் ஒழுங்கில் அமைந்த காட்சி இந்நாட்டுக்குப் புதிது.

இதனை எதிர்த்தவர் யார் தெரியுமா? வணிகர்களேதாம். அரசாங்கம் தொழில் நடத்துவது தனியாருக்குப் போட்டி என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1908 இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு சாட்டர்டனின் வழியை ஆதரித்த போதிலும், 1910 இல் இந்திய மந்திரி மார்லி பிரபு இலண்டனிலிருந்து தடையுத்தரவு பிறப்பித்தார். கற்பிப்பதோடு அரசாங்கம் நிற்கட்டும், விற்பனையில் இறங்க வேண்டாம் என்பது அதன் சாரம். செம்பியத்துத் தொழிற்கூடம் ரேவா சமஸ்தானத்துக்கு விலையாயிற்று. தொழில் நிறுவனமும் கல்வியும் கைகோத்தல் பற்றி இன்று அழகழகாகப் பேசப்படுகிறது. தமக்கு ஆதாயமில்லை என்று கண்டபோது அத்தொழில்துறையே கல்வியின் கையை உதறியதும் இங்கேதான் நடந்தது.

தடையுத்தரவுக்குப் பின் எஞ்சியது 'கற்பித்தல்'. அவ்வழியில் 1915 இல் வண்ணாரப்பேட்டையில் தோல்தொழிற் பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிராட்வேயில் மதராஸ் தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. இவற்றில் பெற்ற சான்று ஓர் ஆலைக்கு உரியதன்று, கற்றவனுக்கு உரியது.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தைப் பற்றியும் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தை நம் முன்னோர் கல்விக்கு வாரி வழங்கினர். பெரம்பூரில் ஜமாலியா என்று ஒரு பகுதிக்குப் பெயர் நிலைத்ததே ஜமால் முஹையத்தீன் ராவுத்தர் அவர்கள் எழுப்பிய அரபிக் கல்லூரியால்தான். 1919 இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951 இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, 1965 இல் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி என்று அக்கொடை தொடர்ந்தது. அவையெல்லாம் முதலில் கலைக் கல்லூரிகளாகவே எழுந்தன. தோலால் எழுந்த கல்லூரியில் தோலைப் பற்றிய பாடம் இல்லை! பட்டம் மதிப்புக்குரியது, பட்டறை மதிப்புக்குரியதன்று என்னும் எண்ணம் வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற சொத்து. கைத்தொழிலை மதித்த மரபில் வந்த நாமும் அச்சொத்தில் பங்கு கேட்டோம் என்பதே நம் கருத்து.

நாடு விடுதலை பெற்றபின் பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கிய ஆண்டு 1953. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் பாடம், மற்றை நேரம் தகப்பனார் தொழில் என்னும் திட்டத்தை முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று நாடே கொதித்தது. 1954 இல் அவர் பதவி விலகக் காமராஜர் முதலமைச்சரானார், திட்டமும் கைவிடப்பட்டது. அரைநாள் பள்ளி, அரைநாள் வேலை என்னும் ஏற்பாட்டைப் பின்னி ஆலை அரைநேரத்தாரிடம் முன்பே கண்டிருந்த வடசென்னைக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியிருந்திராது. பிள்ளை எத்தொழிலுக்குப் போவது என்பதைப் பிறப்போ முதலாளியோ முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதே தீங்கு. தொழில் கற்பதில் தீங்கில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நாம் பல ஆண்டுகளாகக் குழம்பிக் கிடக்கிறோம்.

இதற்கிடையே எண்ணூர்ப் பக்கம் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. 1948 இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955 இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955 இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அறுபதுகளில் உருவாயின. இவற்றுக்குத் தேவைப்பட்ட பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோரை உருவாக்க ஐ.டி.ஐ.க்கள் முளைத்தன. 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தொழிற்சாலைகள் மீது ஒரு கடமையைச் சுமத்திற்று. குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரண்டிஸ்களைச் சேர்த்து, உதவித்தொகை தந்து, பயிற்சியளித்தாக வேண்டும். பயிற்சியின் முடிவில் தேர்வு நடத்திச் சான்று தருவது அந்தத் தொழிற்சாலையன்று, தேசியக் குழுமம். எண்ணூரில் கற்றவன் பம்பாயிலும் துபாயிலும் காட்டத்தக்க ஸனது அது. ஜெர்மன் நாட்டிலும் ஏறக்குறைய இவ்வண்ணமே. மாணவன் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் ஓரிரு நாள் பள்ளியிலும் பயில்வான். தேர்வை வைப்பது வெளியிலுள்ள வணிக, தொழிற் சங்கம்.

2014 இல் திருத்தப்படும் வரை அச்சட்டத்தின் 22 ஆம் பிரிவு இன்னொன்றும் கூறிற்று. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் அங்ஙனம் எழுதியிருந்தாலன்றி, அங்கேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைக்கும் இருக்கவில்லை. 'பயிற்சி கொடுத்தான், வேலை கொடுக்கவில்லை' என்று வருந்திய பெற்றோர் முன்பாதியைத்தான் படித்தனர். பின்பாதி பிள்ளையின் விடுதலைப் பத்திரமாக இருந்தது. ஆயினும் பழகுநரை மலிவான ஆளாக வைத்து வேலை வாங்கிவிட்டு ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிடும் வழக்கத்துக்கு அம்முன்பாதி இடங்கொடுத்தது என்பதையும் மறைக்கலாகாது.

இத்தனைக்கும் பள்ளி வெளியில்தான் நின்றது. கோத்தாரிக் குழு 1966 இல் தன் அறிக்கையில் மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு வேண்டும் என்று வற்புறுத்திற்று. தமிழ்நாட்டில் 1978 இல் புகுமுக வகுப்பை நீக்கி மேல்நிலைப் பள்ளிகளைத் தொடங்கியபோது தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அப்பாடங்களைப் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்களைக் கொண்டு நடத்தினர். இயந்திரமில்லாத வகுப்பறையில் இயந்திரப் பாடம் நடந்த பள்ளிகளும் உண்டு. மதிப்பெண் குறைந்தவனை ஒதுக்கும் இடம் என்ற பெயர் அப்பிரிவுக்கு ஒட்டிக்கொண்டது. 1986 இல் பழகுநர் சட்டத்தைத் திருத்தி, மேல்நிலைத் தொழிற்பிரிவு முடித்த மாணவரையும் ஓராண்டு பழகுநராக ஏற்க வழிசெய்தனர். உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தந்தது. அவ்வாண்டே வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை, 1995 க்குள் மேல்நிலை மாணவருள் நூற்றுக்கு 25 பேர் தொழிற்பிரிவுக்கு வரவேண்டும் என்று குறித்தது. அந்த இலக்கு எட்டப்படவேயில்லை. பல பாடங்கள் காலப்போக்கில் கைவிடப்பட்டன. 1996 இல் பின்னி ஆலையும் மூடுண்டது.

இப்போது காற்று மீண்டும் திசைமாறியிருக்கிறது. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் ஒன்பதாம் வகுப்பு முதலே மாணவர்க்குத் தொழில் வழிகாட்டுகிறது. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு கூடி 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டமும் வந்தது. ரோபோ, கணினிவழிக் கடைசல் முதலியவை ஐ.டி.ஐ. கூடங்களுக்குள் வந்துள்ளன. தொகை பெரிது; வரவேற்கிறோம். நம் பெண்பிள்ளைகளும் இக்கூடங்களில் நிற்கத் தடையேதுமில்லை. ஆனால் பெற்றோர் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: தேர்வை நடத்துவது யார்? சான்று எங்கெல்லாம் செல்லும்? பிள்ளை பின்னர்ப் பாலிடெக்னிக்குக்கோ கல்லூரிக்கோ போக விரும்பினால் வாசல் திறந்திருக்குமா? ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம் என்பதை நம்மில் பலர் இன்னும் அறியார்.

வண்ணாரப்பேட்டையில் பிறந்த தோல்தொழிற் பள்ளி இன்று தோல் தொழில்நுட்ப நிலையம் என்ற பெயரில் தரமணியில் இருக்கிறது. பிராட்வேயில் பிறந்த தொழிற்பள்ளி சென்ட்ரல் பாலிடெக்னிக் என்ற பெயரில் அதே தரமணியில் இருக்கிறது. வடசென்னை பெற்ற பிள்ளைகள் இரண்டும் தென்சென்னையில் குடியேறிவிட்டன. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ உள்ள மாணவன் அங்கே படிக்க விரும்பினால், விடியலில் எழுந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை வந்து, பறக்கும் ரயிலுக்கு மாறி, நகரின் மறுகோடிக்குச் செல்ல வேண்டும்.