மொறிஸ் மைனரின் இருவர்ண முகம்

மொறிஸ் மைனரின் வரலாற்றை அதன் முகத்திலேயே வாசிக்கலாம் என்பது எனது கருத்து. 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் அறிமுகமானபோது முன்விளக்குகள் கிறிலின் இருபுறமும் தாழ்வாக இருந்தன. அமெரிக்க விதிகளின் காரணமாகப் பின்னர் அவை மட்காட்டுக்கு உயர்ந்தன. 1954 இல் கிடைச்சட்டக் கிறில் வந்தது. பிற்காலக் கார்கள் பலவற்றில் சட்டங்கள் மங்கல் வெள்ளை. சுற்றுப்புறம் காரின் வர்ணம்.

1977 இற்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இலங்கையில் இக்கார்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். கிடைத்த வர்ணமே கிறிலையும் மூடியது.

ஆகவே, வீட்டில் மீள வர்ணம் பூசுவோர் முதலில் ஒரு மூலையை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். ஆதி வர்ணம் தெரியக்கூடும். அடிவர்ணத்தின் மேல் முதலில் வெள்ளையை இடுங்கள். அது நன்கு காய்ந்தபின் சட்டங்களை ஒட்டுநாடாவால் மறைத்துச் சுற்றுப்புறத்தைப் பூசுங்கள். ஒரே வர்ணத்தில் மூடுவது இலகு. ஆனால், அதனுடன் ஒரு காலமும் மறைந்துவிடும்.