முதலாளி இல்லாத படம்

கொட்டு முழங்குகிறது. சந்தைக்கு வந்தோர் திரும்பிப் பார்க்கின்றனர். தெருமுனையில் இளைஞர் சிலர் சிறு நாடகம் ஒன்றை நடத்துகின்றனர். முடிந்ததும் கூடியிருந்தோரிடம் கை நீட்டுகின்றனர். கோயில் கட்டவா? இல்லை. குடமுழுக்குச் செலவுக்கா? இல்லை. தேர்த் திருவிழாவுக்கா? அதுவும் இல்லை. திரைப்படம் எடுக்க!

வேடிக்கை என்று எண்ணாதீர்கள், தோழர்களே! 1984-ஆம் ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டில் கிளம்பிய 'ஒடேசா' என்னும் குழு செய்த வேலை இது. ஊர் ஊராகச் சென்றனர். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டனர். சிரித்து மகிழ்ந்த மக்களிடம், "அடுத்த படத்தை நீங்களே எடுங்கள், ஆளுக்கு இயன்றதைத் தாருங்கள்" என்றனர். மக்கள் தந்தனர்.

இந்த முயற்சியின் நடுநாயகம் ஜான் ஆபிரகாம். 1937-இல் குட்டநாட்டில் பிறந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு, பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டவர். அவர் ஏன் தெருவில் நின்று காசு கேட்டார்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது!

1977-இல் அவர் எடுத்த படம் தமிழ்ப்படம்; பெயர், 'அக்ரஹாரத்தில் கழுதை'. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றின் மேல் இரக்கங்கொண்ட பேராசிரியர், அதைத் தம் ஊர் அக்ரகாரத்துக்குக் கொண்டு செல்கிறார். அங்கே நேரும் ஒவ்வோர் இடையூறுக்கும் கழுதையே காரணம் என்கின்றனர். வாய் பேசாத வேலைக்காரப் பெண்ணுக்கு இறந்து பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்கிறது. பழி கழுதையின் மேல்! கொன்று போடுகின்றனர். அதன் பின் நல்லவை சில நடக்கின்றன. உடனே, "கழுதையின் திருவருள்!" என்று கோயில் எழுப்பப் புறப்படுகின்றனர். மூடநம்பிக்கை பிறக்கும் முறையை இத்தனை எளிதாகக் காட்டிய படம் நமக்குத் தெரிந்து வேறில்லை.

சிறந்த தமிழ்ப்படம் என்று தேசிய விருது கிடைத்தது. ஆனால் கொட்டகை கிடைத்ததா? கழுதைக்கு அங்கே இடமில்லை. தமிழ் ஏடுகளும் கண்டுகொள்ளவில்லை. 1989-இல் தொலைக்காட்சியில் காட்டுவதாக இருந்த தூர்தர்ஷன், கடைசி நேரத்தில் கைவிட்டது.

'வேலைக்காரி' 1949-இலும், 'பராசக்தி' 1952-இலும் இதே மண்ணில்தானே வெற்றிமுரசு கொட்டின? ஆம். ஆனால் அவற்றுக்கு முதல் போட்டோர் இருந்தனர். பாட்டு இருந்தது, நடிகர் இருந்தனர், ஊர்தோறும் கொட்டகை இருந்தது. கழுதைக்கு இவற்றுள் எது இருந்தது? திரையின் வலிமையை அறிந்த நாம், அந்தத் திரைக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்கத் தவறினோம். இது பிறர் மேல் சுமத்தும் குற்றமன்று. நம் கணக்கில் நாமே எழுதிக்கொள்ள வேண்டிய கடன்.

கேரளத்தில் அந்தக் கேள்வி முன்னரே எழுந்திருந்தது. 1945 முதல் நூலக இயக்கம் ஊர்தோறும் படிப்பகங்களை இணைத்து வந்தது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் கூட்டுறவு அமைப்பு 1972-இல் 'சுயம்வரம்' படத்தைத் தந்தது. எனினும் அதற்கு அரசுக் கடன் துணை நின்றது. ஒடேசாவுக்கு அதுவும் இல்லை; தெருவே துணை!

மக்கள் காசில் 1986-இல் உருவான படம் 'அம்மா அறியான்'. டில்லிக்குப் புறப்பட்ட இளைஞன், வழியில் ஒரு பிணத்தைக் காண்கிறான். இறந்தவன் தபலா வாசித்த ஹரி. தாய்க்குச் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கி நடை தொடங்குகிறது, ஊருக்கு ஊர் நண்பர்கள் சேர்கின்றனர், ஒருவர் பலராகின்றனர். இடையிடையே மருத்துவ மாணவர் கிளர்ச்சியும் கல்லுடைக்கும் தொழிலாளர் துயரும் வருகின்றன. படம் எடுக்கப்பட்ட முறையும் படத்தின் கதையும் ஒன்றேபோல் அமைந்தன பாருங்கள்! ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்ததுதானே இரண்டும்? நடித்தவர்களுள் பெரும்பாலோர் தொழில்முறை நடிகரல்லர்.

1987 மே 31-இல், கோழிக்கோட்டில் கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து ஜான் மறைந்தார். வயது ஐம்பது நிரம்பவில்லை. ஒடேசா சத்யன் முதலிய தோழர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1994-இல் கேரளத்தின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா அதே கோழிக்கோட்டில் நடந்தது. இம்முறை செலவு அரசினுடையது. அந்த விழா வளர்ந்தது, நன்று. ஆனால் ஒடேசாவின் வழி வேறு. அது பின்னர் வடக்கே, எதிர்பாராத ஊரில் தலைகாட்டியது.

கோரக்நாத் மடம் கோலோச்சும் கோரக்பூரில், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட நாளான மார்ச் 23-ஐ ஒட்டி, 2006-இல் இளைஞர்கள் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினர். 'எதிர்ப்பின் சினிமா' என்று பெயர். அரசிடமும் வாங்குவதில்லை, வணிக நிறுவனத்திடமும் வாங்குவதில்லை என்பது விதி. பட்னா, லக்னோ, நைனிடால் என அது பரவியது. செலவுக்கு? படம் பார்க்க வந்தவர்களிடமே கை நீட்டினர்.