ஷியா வெண்ணெய்

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் உகாண்டா வரை நீளும் புல்வெளிகளில் தானாக வளர்வது ஷியா மரம். நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்க்கவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். 1795-97இல் நைஜர் ஆற்றைத் தேடிச் சென்ற மங்கோ பார்க், இதன் வெண்ணெய் உப்பிடாமலே ஓராண்டு கெடாது என்று எழுதினார்.

கானா, புர்க்கினா பாசோ கிராமப் பெண்கள் கொட்டைகளைப் பொறுக்கி, வேகவைத்து, காயவைத்து உடைக்கிறார்கள். பருப்பை வறுத்து அரைத்து, நீர் விட்டுக் கையால் நெடுநேரம் பிசைகிறார்கள். மிதக்கும் கொழுப்பைக் காய்ச்சி வடித்தால் வெண்ணெய்.

சுத்திகரிக்காத வெண்ணெய் இளமஞ்சளாக, லேசான கொட்டை மணத்துடன் இருக்கும். தூவெள்ளையாய், மணமற்றிருப்பது பெரும்பாலும் சுத்திகரித்தது. காறல் வாடை வீசினால் வாங்க வேண்டாம்.

தடவும்போது மணல்போல் நெருடினால், கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். மெதுவாக ஆறும்போது இதிலுள்ள ஸ்டியரிக் அமிலக் கொழுப்பு பெரிய படிகங்களாக உறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து, ஒரு துகளும் மிஞ்சாமல் உருக்குங்கள். உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். ஓரங்கள் உறையத் தொடங்கியதும் எடுத்து, நுரைக்க அடியுங்கள். குளிர்நாட்டில் இறுகாதிருக்க, உருக்கும்போதே நான்கு பங்குக்கு ஒரு பங்கு பாதாம் எண்ணெய் சேர்க்கலாம். பிசைந்த கைகளின் உழைப்பும் வீணாகாது.